துண்டுக்குள் ஒரு சோளத்தட்டை

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தால் எருமைகள் வந்துவிடுகின்றன. செம்பூரில் நாங்கள் இருக்கும் நாலாவது மாடிக்கு எப்படித்தான் ஏறி வருமோ தெரியாது. பனிக்குள்ளிருந்து முதலில் கொம்பு தெரியும், அப்புறம் ஈர மூக்கு, அப்புறம் மெதுவாக முதுகு. சத்தமே இல்லாமல் கட்டிலைச் சுற்றி நின்று அசைபோடும். நானும் அரைத் தூக்கத்தில் கையை நீட்டி ஒவ்வொன்றின் வால் அடியிலும் சதை பிடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். இது தேறும், இது இன்னும் கொஞ்ச நாள் புல் தின்ன வேண்டும் என்று சொல்லிக்கொள்வேன். விழித்துப் பார்த்தால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். கீழே ஆட்டோக்காரன் யாரோடாவது ஹிந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருப்பான்.

எங்கள் காலனித் தமிழ்ச் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் வந்தார். பாங்கில் இருந்தவர்கள், ரயில்வேயில் இருந்தவர்கள் எழுதுவார்கள், மாட்டிறைச்சிக் கம்பெனிக்கு மாடு பிடித்துக் கொடுத்தவன் என்னத்தை எழுத என்றேன். மனிதர் ஒரு கணம் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, “அதையே எழுதுங்க பாய், இதுவரை யாரும் எழுதலையே” என்றார். நல்ல மனிதர். மலர் வெளிவந்த பிறகு அவர் பதவியில் இருப்பாரா என்பது என் பொறுப்பல்ல.

எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனியில் எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் அவ்வப்போது போன் செய்வார்கள். இப்போது சந்தையில் மாட்டைத் தராசில் ஏற்றுகிறார்கள், போனிலேயே ரேட் வந்துவிடுகிறது. “நீங்க துண்டுக்குள்ள கைய விட்டு வெல பேசுவீங்களாமே பாய், அது என்ன பிளாக் மேஜிக்கா?” என்று கேட்டு ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். தராசு நல்ல பொருள்தான், அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் துண்டுக்குள் நடந்த ஒரு விஷயத்தை அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று வெகு நாளாக மனசில் இருக்கிறது.

நான் தொழில் படித்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து மாமாவின் இறைச்சிக் கடையில் நின்றேன். கத்தி பிடிக்க வரவில்லை, கண் வந்தது. மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை கிலோ கறி என்று சொல்லிவிடுவேன். மாமா என்னைக் கடையிலிருந்து தூக்கிச் சந்தைக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்து தலால் என்கிற மாட்டுத் தரகர்களோடு சில வருஷம், அதன் பிறகு செம்பூர்க் கம்பெனி. அதிலேயே தாடி நரைத்துவிட்டது.

எங்கள் மாநிலத்தில் பசுவும் காளையும் அறுக்கக் கூடாது. எருமைதான். அதிலும் ஆர்கானிக் என்று ஒரு பிரிவைக் கம்பெனி தொடங்கியபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். எருமை பிறந்த நாளிலிருந்து புல்லைத்தானே தின்கிறது, இதில் என்னய்யா புதுசு என்றேன். பிறகுதான் தெரிந்தது, எல்லா எருமையும் புல் தின்பதில்லை. சதை போட மூட்டைத் தீவனம், நோய் வருமுன்னே மருந்து ஊசி, சந்தைக்குக் கிளம்பும் முன் உடம்பு பெருத்துத் தெரிய வயிறு முட்ட உப்புத் தண்ணீர் என்று எத்தனையோ வேலை இருக்கிறது. இது எதுவும் இல்லாமல் வளர்ந்த எருமைக் கடாவின் கறிக்குப் பாந்திராவிலும் பவாயிலும் ஆட்கள் காத்திருந்தார்கள். ஜிம் வைத்திருந்த ஒருவர் போன் செய்து, “அது சந்தோஷமா வாழ்ந்துச்சா?” என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கடாவையும் பார்க்கும்போது, நீ சந்தோஷமாகத்தான் இருக்கிறாயா என்று ஒரு நினைப்பு வந்து நிற்கும். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு வரக் கூடாத நினைப்பு அது.

விலையும் ஒரு விதமாக நிற்காது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஏறும், தவக்காலத்தில் படுக்கும். மழை இறங்கும் முன் தீவனம் தீர்ந்துபோனவர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். புல் மட்டும் தின்ற கடா மெலிவாகத் தெரியும், வளரவும் நாள் எடுக்கும். சந்தைக் கண்ணுக்கு அது சோப்ளாங்கி. அதற்குக் கூடுதல் விலை கொடுத்தால் மற்ற தலால்கள், “பாய்க்குப் பார்வை மங்கிப்போச்சு” என்பார்கள்.

ஆர்கானிக் பிரிவுக்கு மேலே இருந்தவர் வைதேகி மேடம். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். மதியம் தயிர்சாதமும் மாவடுவும். இறைச்சியை வாயில் வைத்ததில்லை, வைக்கும் உத்தேசமும் இல்லை. ஆனால் எந்தக் கறிக்கு என்ன விலை என்று அவர் சொன்னால் மார்க்கெட் அதை ஏற்றுக்கொள்ளும். யோசிக்க வேண்டியது வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு மேலே ஃபேனைப் பார்ப்பார். திரும்ப மாட்டுகிற வரை அந்த அறையில் யாரும் தும்மக்கூட மாட்டோம். ஒரு தடவைக்குச் சேர்த்து வாங்கும் கடாக்களை ஈடு என்போம்; ஒவ்வொரு ஈட்டுக்கும் என்னிடம் மூன்று கேள்வி கேட்பார். என்ன தின்றது, என்ன குடித்தது, யாராவது உடம்பில் ஏதாவது ஏற்றினார்களா? மூன்றுக்கும் நான் நேரில் பார்த்துப் பதில் சொன்னால்தான் பாக்கெட்டில் ஆர்கானிக் என்ற பச்சை ஸ்டிக்கர் விழும்.

நேரில் பார்ப்பது என்றால், சும்மா போய் டீ குடித்துவிட்டு வருவதல்ல. முதலில் தீவனக் கொட்டகைக்குள் போய் மூச்சை இழுக்க வேண்டும். மூட்டைத் தீவனத்துக்கு ஒரு புளிச்ச வாடை உண்டு, எத்தனை மறைத்தாலும் அது மூலையில் நிற்கும். அடுத்தது சாணி. குச்சியால் கிளறினால் நார் தெரிய வேண்டும். பிறகு கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்ப்பேன், ஊசி போட்ட இடம் கொஞ்ச நாளைக்குக் கட்டியாக நிற்கும். கடைசியில் வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசுவேன். கடாவைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பேன்.

பொன்னுத்தாயை முதலில் பார்த்தது கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டி மலையடிவாரத்தில் கூடும் வாரச் சந்தையில். விடிந்தும் விடியாத வெள்ளைப் பனி. மாடுகளின் மூச்சும் பனியும் கலந்து எது எது என்று தெரியாது. அந்தப் புகைக்குள்ளிருந்து, “ஏ, தள்ளி நில்லு மூதி” என்று சுத்தமான நெல்லைத் தமிழ் கேட்டது. கடாவைத்தான் சொன்னாள். எனக்கு ஊர் பஸ் ஸ்டாண்டில் நிற்பதுபோல் ஆகிவிட்டது.

தாராவிக்காரி. வீட்டுக்காரர் தங்கராசு தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப்போனவர். தாராவியில் அவர்கள் இருந்த மாடி அறையில் அவரால் மூச்சு விட முடியவில்லை. ஊரை விட்டு வெளியே போய் நல்ல காற்றில் இருக்கச் சொன்னார்கள். இருவரும் மலையடியில் கொஞ்சம் புல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். தபேலா என்கிற பால் எருமைக் கொட்டில்களில் ஆண் கன்று பிறந்தால் யாருக்கும் வேண்டாம், பட்டினி போட்டே முடித்துவிடுவார்கள். அந்தக் கன்றுகளை வாங்கிவந்து புட்டிப்பால் கொடுத்து, புல்லில் விட்டுக் கடாவாக்குகிறாள். மூச்சுத் திணறும் மனிதரால் சந்தைப் புழுதியில் நிற்க முடியாது. அதனால் கடாக்களை ஓட்டிக்கொண்டு அவளே வந்திருந்தாள்.

துண்டு பேரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாங்குபவனும் விற்பவனும் கைகோத்து அதன் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்தால் விலை. ஒரு விரல் பிடித்தால் பத்தாயிரம், மூன்று விரல் பிடித்தால் முப்பதாயிரம். பக்கத்தில் நிற்கும் ஆயிரம் பேருக்கும் தெரியாது. வாய் மழையைப் பற்றிப் பேசும், கை விலை பேசும்.

அன்றைக்குக் கடாக்களைப் பார்த்த சந்தோஷத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்க தோஷத்தில் துண்டைக் கையின் மேல் போட்டு அவளிடம் நீட்டிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒரு அந்நியப் பெண்ணிடம், அதுவும் ஒரு பாய், சந்தை நடுவில் கையை நீட்டுகிறான்! எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறிவிட்டது. கையை இழுக்கவும் முடியவில்லை, இழுத்தால் பேரம் வேண்டாம் என்று அர்த்தம்.

பொன்னுத்தாய் அலட்டிக்கொள்ளவே இல்லை. கடாவின் முன்னால் கிடந்த சோளத்தட்டையில் ஒன்றை எடுத்துப் படபடவென்று விரல் நீளத்துக்கு ஒடித்தாள். ஒடித்த தட்டைகளை என் துண்டுக்குள் போட்டாள்.

“கை எதுக்கு? தட்டை இருக்குல்லா. எத்தன தாரியளோ அத்தன தள்ளுங்க பாய்.”

சிரிப்பில் சந்தையே குலுங்கியது. நான் மூன்று தட்டை தள்ளினேன். அவள் மூன்றையும் திருப்பித் தள்ளினாள்.

“இது ஊசி பாக்காத உடம்பு. புல்லத் தவிர ஒண்ணுந் திங்காது. நம்பிக்க இல்லன்னா வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். கொட்டகையில் புல் வாசம்தான் இருந்தது. தங்கராசு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே ஒவ்வொரு கடாவையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவை தலையைத் தூக்கிப் பார்த்தன. ஜிம்காரர் கேட்ட கேள்விக்கு எனக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. வைதேகி மேடம் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, சரி என்றார். ஒரு கடாவுக்கு நாலு தட்டை. சந்தை விலைக்கு மேல் ஒன்று கூடுதல். சில வருஷங்கள் அப்படியே நல்லபடியாகப் போயிற்று. நான் அவளுக்குப் பாயிலிருந்து அண்ணன் ஆனேன்.

ஒரு வருஷம் முதல் மழை இறங்கியதும் போன் வந்தது. மத்தியான நேரம், நான் ஆபீஸில் இருந்தேன். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

“அண்ணே, ஒரு கடாவுக்குத் தொண்ட வீங்கிட்டு. நாக்கு வெளிய தள்ளுது. டாக்டரு தொண்டை அடைப்பான்ங்காரு.”

மழைக்கு முன்னால் தடுப்பூசி போட்டிருந்தாள், கம்பெனி விதியில் அது ஊசிக் கணக்கில் வராது. ஆனாலும் சில நேரம் மீறி வந்துவிடும். எருமைக்கு வரக்கூடிய நோய்களில் இதுபோல் பொல்லாதது வேறில்லை. காலையில் வீங்கினால் மறுநாள் இருக்காது. மருந்து ஊசி ஒன்றுதான் வழி.

“எல்லாம் ஒரே தொட்டில தண்ணி குடிச்சிருக்கு. எல்லாத்துக்கும் போடணும்ங்காரு. போட்டா நம்ம வெல போயிரும்லா அண்ணே?”

போய்விடும். மருந்து ஊசி பட்ட கடாவுக்குப் பச்சை ஸ்டிக்கர் கிடையாது என்பது கம்பெனி விதி. அவளுக்கு அந்த ஈடுதான் வருஷக் குத்தகை. அது போனால் நிலம் போகும், நிலம் போனால் மறுபடி தாராவி மாடி அறை, அங்கே தங்கராசுக்கு மூச்சு இல்லை. இது அத்தனையும் எனக்குத் தெரியும், போனின் அந்தப் பக்கம் அவளுக்கும் தெரியும். 

“தங்கச்சி, மொதல்ல ஊசியப் போடச் சொல்லு. வெலையப் பெறவு பாப்போம்.”

“போடச் சொல்லியாச்சு அண்ணே. ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாண்டாமா, அதுக்குத்தான் கூப்புட்டேன்.”

பிழைக்க வைத்தாள். முதலில் வீங்கியதுகூட எழுந்து நின்றுவிட்டது. நான் மேடத்திடம் போனேன். கண்ணாடி மேஜைக்கு வந்தது. ஃபேன் சுற்றியது. எனக்கு எங்கோ தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல் காதெல்லாம் அடைத்துவிட்டது.

“ஸ்டிக்கர் ஒட்ட முடியாது பாய்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “மேடம், அவ மறைச்சிருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்குமா? ஒண்ணு ரெண்ட சாக விட்டுட்டு மத்தத ஊசி போடாததுன்னு வித்திருக்கலாம். சாக விடாததுக்கு தண்டனையா?”

“நான் முடிக்கலையே. ஸ்டிக்கர்ல பொய் வரக் கூடாது, அது என் பொறுப்பு. கடாவுக்கு என்ன விலை குடுக்கறதுன்னு இத்தனை வருஷமா நீங்கதானே முடிவு பண்றேள்? உங்க துண்டுக்குள்ள நான் என்னிக்காவது எட்டிப் பார்த்திருக்கேனா?”

“நஷ்டம் வருமே மேடம்.”

“வரும். முதலாளிட்ட நான் பேசிக்கறேன். அவ அடுத்த வருஷமும் நமக்கு வேணும்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேறு காகிதத்தை எடுத்துவிட்டார். பேசி முடிந்தது என்று அர்த்தம். வெளியே வந்து செம்பூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. டீ சூடு என்று சொல்லிக்கொண்டேன்.

மருந்து உடம்பை விட்டுப் போக டாக்டர் சொன்ன கெடு முடிந்து, மழையும் ஓய்ந்த பிறகு சந்தைக்குப் போனேன். மறுபடி அதே வெள்ளைப் பனி. கடாக்கள் அதற்குள் மிதந்துகொண்டு நின்றன. பொன்னுத்தாய் இளைத்திருந்தாள். நான் துண்டை விரித்தேன், அவள் தட்டை ஒடித்துப் போட்டாள். மழையைப் பற்றிப் பேசினோம். பேசிக்கொண்டே நாலு தட்டையைத் தள்ளினேன்.

துண்டுக்குள் அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு போயின. நாலாவதில் நின்றன. பிறகு அந்த நாலாவது தட்டை மெதுவாக என் பக்கம் திரும்பி வந்தது.

நான் திரும்பவும் தள்ளினேன். அது திரும்பவும் வந்தது.

“என்ன தங்கச்சி இது?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். “மேடத்துக்குத் தெரியும். சும்மா வாங்கிக்க.”

“நல்லா இருப்பாங்க அண்ணே. ஆனா இது ஊசி போடாத கடாவோட வெல. இதுகளுக்கு அது இல்ல. வாங்குனா, அடுத்த தடவ நான் ஊசி போடலன்னு சொல்லுத சொல்லுக்கு என்ன மதிப்பு?”

“குத்தகைக்கு என்ன செய்வ?”

“பால் எரும ரெண்டயும் வித்துட்டேன். அவுகளுக்குப் பால் இல்லாத டீ பழகிட்டு.” கொஞ்சம் சிரித்தாள். “நீங்க அத வச்சிக்கிடுங்க. ஊசி பாக்காத கடா ஓட்டிட்டு வருவேன்லா, அன்னைக்குத் தாங்க.”

மூன்று தட்டையில் விலை முடிந்தது. சுற்றி நின்ற யாருக்கும் ஒன்றும் தெரியாது. பாய் பொம்பளையை நன்றாக அமுக்கிவிட்டான் என்று ஒரு தலால் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. திரும்பி வரும் ரயிலில் நின்றுகொண்டே தூங்கினேன். சட்டைப் பையில் அந்தத் தட்டை இருந்தது. தாணே வந்ததும் யாரோ இடித்தபோது முதலில் பையைத்தான் தொட்டுப் பார்த்தேன்.

மேடத்திடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றவில்லை. “அப்படியா சொன்னா?” என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து எதையோ குறித்து வைத்துக்கொண்டார். 

அடுத்த வருஷம் நான் ஓய்வு பெறுகிற வருஷம். மழை வந்தது, போன் வரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் யார் என்று பார்ப்பேன். மழை நின்றது. கடைசியில் ஒரு நாள், “அண்ணே, வந்து கழுத்தத் தடவிப் பாருங்க” என்றாள். போய் ஒவ்வொன்றையும் தடவினேன். ஒரு கட்டி இல்லை. கட்டிலில் தங்கராசு, “என்ன மொதலாளி, பாஸா?” என்றார். மூச்சு வாங்காமல் முன்னைவிட நீளமாகப் பேசினார். குடிக்கக் கொடுத்த டீயில் பால் இருந்தது.

சந்தைக்குக் கிளம்பும் முன் மேடத்தின் அறைக்குப் போனேன். மூன்று கேள்விக்கும் பதில் சொன்னேன். பச்சை ஸ்டிக்கருக்குத் தலையாட்டினார். நான் எழுந்தபோது கண்ணாடியைக் கழற்றினார்.

“பாய், அந்தக் குச்சி இன்னும் உங்கள்ட்ட இருக்கோ?”

“இருக்கு மேடம்.”

“போன வருஷம் அவ திருப்பிக் குடுத்ததை நான் லாபத்துல சேர்க்கலை. தனியா வச்சிருக்கேன். அது நம்மது இல்லை. குடுத்துட்டு வந்துடுங்கோ.”

அந்தச் சந்தைதான் என் வேலையில் கடைசிச் சந்தை. பனி அன்றைக்கு ஒன்பது மணியாகியும் விலகவில்லை. புதிதாக ஒரு கம்பெனி ஆள் வந்திருந்தான். பொன்னுத்தாயின் கடாக்களைப் பார்த்துவிட்டு, நாலு தருகிறேன் என்று ஊருக்கே கேட்கும்படி ஹிந்தியில் கத்தினான். அவள் அவனைப் பார்க்காமல் என் துண்டைப் பார்த்தாள்.

விரித்தேன். அவள் ஒடித்துப் போட்ட பச்சைத் தட்டை நாலையும் தள்ளினேன். அவள் விரல் எண்ணிப் பார்த்து, சரி என்பதற்கு அடையாளமாக அவற்றைச் சேர்த்துப் பிடித்தது. அப்போது என் சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய தட்டையை எடுத்து, துண்டுக்கடியில் கொண்டுபோய், நாலோடு ஐந்தாவதாக வைத்தேன். காய்ந்து, சுருங்கி, எடையே இல்லாமல் இருந்தது. தொட்ட மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கையை எடுக்கவே இல்லை. மழையைப் பற்றியும் பேசவில்லை. அந்த ஒன்றை மட்டும் முனையிலிருந்து முனைவரை தடவிக்கொண்டிருந்தாள். 

பக்கத்தில் நின்ற தலாலுக்குப் பொறுக்கவில்லை. “என்ன பாய், படியலையா?” என்றான்.

“படிஞ்சிட்டு, படிஞ்சிட்டு” என்றாள் பொன்னுத்தாய். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஐந்தையும் சேர்த்து மடியில் கட்டிக்கொண்டாள்.

என்ன விலைக்கு முடிந்தது என்று அந்தச் சந்தையில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. தராசு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இப்போது தெரியும்.

நேற்று மதியமும் எருமைகள் வந்தன. பனியோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றன. என் வீட்டுக்காரி உலுக்கி எழுப்பினாள்.

“தூக்கத்துல அப்படி என்னத்தக் கைக்குள்ள இறுக்கிப் புடிச்சிட்டு இருக்கிய?”

விரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

“குடுத்தாச்சு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.